பத்தாயத்துக்குள் இருந்த மகாராஜாவும் ‘குமரி’ சுவரொட்டியும்: ஒரு நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் எட்டு அறைகள் கொண்ட சின்ன தங்கும் விடுதி அது. நடத்துகிறவரை நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய அப்பா பம்பாயில் ஒரு டிராவல் ஏஜென்சியில் எழுத்தராக இருந்துவிட்டு அறுபதுகளில் ஊர் திரும்பியவர். வடிவீஸ்வரத்தில் உள்ள பூர்வீக வீட்டுக்குப் போன வருடம் வெள்ளையடித்தபோது, நெல் கொட்டி வைக்கும் பத்தாயத்துக்குள் ஒரு தகரக் குழாய் கிடைத்திருக்கிறது. உள்ளே குடைத் துணியில் சுற்றிய ஒரு தாள். விரித்தால், தலைப்பாகையும் பெரிய மீசையுமாக, ஏர் இந்தியா விமான நிறுவனத்தின் சின்னமான மகாராஜா நிற்கிறார்.

குழாயோடு நாகர்கோவிலில் இருக்கும் என் டிசைன் கடைக்கே வந்துவிட்டார். “தம்பி, இது மாதிரி நம்ம ஊருக்கு ஒண்ணு போட்டுத் தரணும். எட்டு ரூம்லயும் மாட்டுவேன். வாறவங்க கேட்டா விக்கவும் செய்யலாம்லா?”

கல்யாணப் பத்திரிகை, கடை போர்டு, கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் திருவிழா நோட்டீஸ் என்றுதான் என் பிழைப்பு ஓடுகிறது. பழைய விமான நிறுவன போஸ்டர்களைப் படங்களாகப் பல வருடம் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவன் நான். ஆனால் அதே முறையில் ஒன்றைச் செய்து பார்க்கும் வேலை அதுவரை வந்ததில்லை. மே மாதம் ஆரம்பித்த வேலை செப்டம்பரில்தான் முடிந்தது. எங்கே தவறினேன், எது சரிப்பட்டது என்பதை எழுதி வைக்கிறேன். இதே வேலையை எடுக்கிற இன்னொருவருக்கு உதவும்.

அசலா, மறுபதிப்பா

முதலில் அண்ணாச்சி கொண்டுவந்தது என்ன என்று தெரிய வேண்டும். மகாராஜா போஸ்டர்களின் மறுபதிப்புகள் இன்று எங்கும் கிடைக்கின்றன. படத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. அச்சைத்தான் பார்க்க வேண்டும்.

பூதக்கண்ணாடியை எழுத்தின் ஓரத்தில் வைத்தேன். பழைய போஸ்டரை இன்று ஸ்கேன் செய்து அச்சடித்தால், எழுத்து உட்பட எல்லாமே நான்கு வண்ணப் புள்ளிகளாக உடைந்துவிடும். ஒற்றை நிறமாகத் தெரியும் சிவப்புக்குள் கூட மஞ்சள் புள்ளியும் மெஜந்தா புள்ளியும் கலந்து கிடக்கும். இந்தத் தாளில் அப்படி இல்லை. எழுத்து புள்ளிகளாக உடையாமல் ஒரே மையாக, ஓரம் அறுபடாமல் இருந்தது. மகாராஜாவின் மேலங்கியின் சிவப்பு ஒரே சிவப்பாக, தனி மையாக விழுந்திருந்தது.

அடுத்தது பெயர். அடியில் ‘ஏர்-இந்தியா இன்டர்நேஷனல்’ என்று இருந்தது. 1948-இல் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனிவா வழியாக லண்டனுக்குப் பறக்கத் தொடங்கியபோது நிறுவனத்தின் பெயர் அதுதான். 1962-இல் ‘இன்டர்நேஷனல்’ போய், ஏர் இந்தியா ஆனது. மூலையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு விமானம். அதன் வாலில் மூன்று துடுப்புகள். மூன்று துடுப்பு என்றால் லாக்ஹீட் கான்ஸ்டலேஷன். 1960-இல் போயிங் 707 ஜெட் வந்த பிறகு விளம்பரத்தில் பழைய உந்துசுழலி விமானத்தைப் போட யாருக்கும் மனம் வராது. ஆக 1948-க்கும் 1960-க்கும் இடைப்பட்டது இது. அண்ணாச்சியின் அப்பா பம்பாயில் இருந்த காலமும் அதோடு பொருந்தியது.

மகாராஜா 1946-இல் பிறந்தவர். டாடா விமான நிறுவனத்தில் இருந்த பாபி கூக்காவும், ஜே. வால்டர் தாம்சன் விளம்பர நிறுவனத்தின் பம்பாய் அலுவலகத்தில் இருந்த ஓவியர் உமேஷ் ராவும் சேர்ந்து உருவாக்கியவர். கடிதத் தாளில் இருக்கத்தான் முதலில் வரைந்தார்கள். பிறகு ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வேஷம் போட்டுக்கொண்டு போஸ்டர்களில் வலம் வந்தார்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் பழைய தாள் என்றால் உடனே லேமினேஷன் போடத்தான் கை போகும். தயவுசெய்து வேண்டாம். ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவே முடியாது. செல்லோடேப்பும் கூடாது, அது காய்ந்து பழுப்புக் கறையை விட்டுப்போகும். மை உறிஞ்சும் தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே பலகை ஏற்றி, இரண்டு வாரத்தில் சுருளை மெதுவாக நிமிர்த்தினோம். ராமபாணப் பூச்சி ஒரு மூலையைத் தின்றிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டோம்.

முதல் வரைவு ஏன் தோற்றது

அண்ணாச்சி கேட்டவை: சூரிய உதயம், அஸ்தமனம், முக்கடல், விவேகானந்தர் பாறை, 133 அடி வள்ளுவர், காந்தி மண்டபம், புதுக் கண்ணாடிப் பாலம். கூடவே, “மகாராஜாவுக்கு வேட்டி கட்டி ஓரமா நிறுத்திருவோமா?”

மகாராஜா கூடாது என்று அப்போதே சொல்லிவிட்டேன். அவர் ஒரு நிறுவனத்தின் வணிகச் சின்னம், எடுத்து ஒட்ட நமக்கு உரிமை கிடையாது. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. மகாராஜா போஸ்டர்களில் அவர் பயணி. வெளியூருக்குப் போய் அந்த ஊராகவே மாறப் பார்க்கிற விருந்தாளி. நாமோ இங்கே விருந்து வைக்கிற வீட்டுக்காரர்கள். நம் போஸ்டர் காட்ட வேண்டியது ஊரை.

மற்ற எல்லாவற்றையும் வரைந்தேன், கண்ணாடிப் பாலம் உட்பட. மறுக்கத் தெரியவில்லை. வந்த வரைவை விடுதி வரவேற்பறையில் ஒட்டிவிட்டு, பதினைந்து அடி தள்ளி மாடிப்படிப் பக்கம் நின்று பார்த்தேன். பேருந்து நிலையத்தில் தொங்கும் சுற்றுலாத் தல அறிவிப்புப் பலகை மாதிரி இருந்தது. ஒவ்வொன்றும் சரியாக வரையப்பட்டிருந்தது, ஆனால் கண் எங்கேயும் உட்காரவில்லை. அறை எடுக்க வந்த ஒரு குடும்பம் அதைத் தாண்டிப் போய் வைஃபை கடவுச்சொல் எழுதிய தாளைப் படித்தது.

பழைய போஸ்டர்கள் செய்தது என்ன

வீட்டுக்கு வந்து சேர்த்து வைத்த படங்களையெல்லாம் வருட வரிசையில் போட்டுப் பார்த்தேன். அத்தனை வருடம் பார்த்தும் கண்ணில் படாத ஒன்று அன்று பட்டது: வருடம் போகப் போக விமானம் சிறிதாகிக்கொண்டே வருகிறது.

முப்பதுகளில் விமானம்தான் கதாநாயகன். பறப்பதற்கே மக்கள் பயந்த காலம், இயந்திரத்தை நம்பவைக்க வேண்டியிருந்தது. பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் விமான நிறுவனத்துக்காக 1932-இல் தேயர் லீ-எலியட் வரைந்த ‘ஸ்பீட்பேர்ட்’ சின்னம் அந்த மனநிலையின் உச்சம். பறவையும் அம்பும் ஒன்றான நாலைந்து கோடு, அவ்வளவுதான். அதே 1932-இல்தான் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டினார். 1935-இல் டாடாவின் விமானம் பக்கத்துத் திருவனந்தபுரம் வரைக்கும் வந்துவிட்டது. அப்போது குமரி மாவட்டப் பகுதிகளும் திருவிதாங்கூருக்குள்தான் இருந்தன.

ஐம்பதுகளில் பறப்பது பழகிவிட்டது. இனி விற்க வேண்டியது போகிற ஊரை. அமெரிக்காவின் டி.டபிள்யூ.ஏ. விமான நிறுவனத்துக்கு டேவிட் கிளைன் வரைந்த போஸ்டர்களில் விமானம் மேலே ஒரு நிழலுருவமாகச் சுருங்கிவிடுகிறது. அவருடைய நியூயார்க் போஸ்டரை இந்த வேலைக்காக எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. சுதந்திர தேவி சிலை அதில் கிடையாது. டைம்ஸ் சதுக்கத்தின் இரவு வெளிச்சம் மட்டும். அதுவும் கட்டிடமாகத் தெரியாமல், உடைந்த வண்ணக் கண்ணாடித் துண்டுகளாகச் சிதறி நிற்கிறது. பார்த்த நொடியில் நியூயார்க் என்று தெரிகிறது. நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் அதைத் தன் சேகரிப்பில் எடுத்துக்கொண்டது நியாயமான காரியம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் இன்னொரு அமெரிக்க விமான நிறுவனமான பான் ஆமுக்கு செர்மயெஃப், கெய்ஸ்மர் வடிவமைப்பு அலுவலகம் செய்த போஸ்டர்களில் விமானமே இல்லை. தாள் முழுக்க ஒரு புகைப்படம், சின்னதாக ஊர்ப் பெயர், நிறுவனப் பெயர். அழகானவைதான். ஆனால் என் மனம் கிளைன் காலத்தோடு நின்றுவிடுகிறது, அதை மறைக்க விரும்பவில்லை. கேமரா கிடைத்ததை எடுக்கும். வரைகிறவன் எதை விடுவது என்று ஒவ்வொரு அங்குலத்திலும் முடிவு செய்ய வேண்டும்.

இந்தப் போஸ்டர்களில் எனக்கு ஒப்பாத விஷயமும் உண்டு. அந்தக் காலத்தில் வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தியாவுக்குப் போட்டவற்றில் யானை, தாஜ்மஹால், தலைப்பாகை, நடனமாடும் பெண் என்று திரும்பத் திரும்ப வரும். ஒரு நாட்டை உடுப்பாகச் சுருக்கிவிடுகிறார்கள். நான் மட்டும் மீனவரை அலங்காரப் பொம்மையாக நிறுத்திவிடக் கூடாது என்று எச்சரிக்கையாக இருந்தேன். இருந்தும் சறுக்கினேன், அது பிறகு.

மாணிக்கமாலை

ஜூன் முதல் வாரம், உறவினர் வீட்டு நிச்சயத்துக்கு மாலை வாங்கத் தோவாளைப் பூச்சந்தைக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு அக்கா மாணிக்கமாலை கட்டிக்கொண்டிருந்தார். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: மற்ற மாலை மாதிரி அது உருண்டு இருக்காது, பாய் முடைந்தது போலத் தட்டையாக இருக்கும். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, பச்சை இலை. இதழை மடித்து நாரில் வரிசையாகக் கட்டிக்கொண்டு போகப் போக, மாணிக்கம் பதித்ததுபோல் சாய்சதுரங்கள் எழும்பி வரும்.

மூன்றே நிறம், ஒவ்வொன்றும் தட்டையாக, ஓரம் கூர்மையாக. கிளைனின் கண்ணாடித் துண்டுகளை நான் அதில் பார்த்தேன். உள்ளூரிலேயே கையால் கட்டிக்கொண்டிருக்கிற ஒரு வடிவத்தை விட்டுவிட்டு, கணினியில் எதையோ தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று ராத்திரியே வரைந்தேன். தாள் முழுக்கச் சாய்சதுரங்கள். மேல் பாதி வானம்: சிவப்பு அதிகம், இடையில் தாளின் வெள்ளை. கீழ்ப் பாதி கடல்: பச்சையும் அடர் நீலமும். அடிவானத்துக்குக் கோடு போடவில்லை. கடலின் சதுரங்கள் மேலே போகப் போகத் தட்டையாகி, கடைசியில் மெல்லிய கீற்றுகளாகி வானத்தைத் தொடும். அந்த இடத்தில் கண் தானாக அடிவானத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும். நடுவில் ஒரே ஒரு வள்ளம், அடர் நீலத்தில்.

அண்ணாச்சி ரொம்ப நேரம் பார்த்தார். “வள்ளுவர் இல்லாம எவனுக்குத் தெரியும் இது நம்ம ஊருன்னு?”

நியூயார்க் போஸ்டரை எடுத்துக் காட்டினேன். பிறகு, இரண்டு வரைவையும் அக்கம்பக்கமாக ஒட்டி ஒரு வாரம் விட்டுப் பார்ப்போம் என்று பேசி முடித்தோம். அந்த வாரம் வந்தவர்களில் பலர் புது வரைவின் முன் நின்றார்கள். சிலர் போனில் படம் எடுத்தார்கள். பழைய வரைவை அண்ணாச்சியே கழற்றினார்.

வள்ளம் விஷயத்தில் என்னைத் திருத்தியது விடுதியில் சமையல் செய்யும் அக்கா. கடலோரக் கிராமத்துக்காரர். மேசையில் விரித்திருந்த வரைவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, இது காயல்ல போற வள்ளம்லா. நம்ம கடல்ல இறக்குனா மொத அலையிலயே கவுந்துரும்.” உண்மைதான். இணையத்தில் கிடைத்த ஒரு நிழலுருவத்தை யோசிக்காமல் எடுத்திருந்தேன். அப்படியானால் கட்டுமரம் போடட்டுமா என்றேன், பழைய சாயல் வரும் என்ற ஆசையில். “எங்க வீட்டுல இப்ப யாரு மரத்துல போறா? ஃபைபர் வள்ளம் போடுங்க. அணியம் தூக்கி இருக்கணும், பின்னால மோட்டாரு.” மறுநாள் காலை கரைக்குப் போய், ஏற்றி வைத்திருந்த வள்ளங்களைப் பக்கவாட்டில் நின்று வரைந்து வந்தேன். தூக்கிய முன்பக்க அணியமும் பின்னால் மோட்டாருமாக வள்ளம் மாறியதும் போஸ்டரில் ஒரு சாய்வு வந்தது. அலை இல்லாமலேயே அலை ஏறுவது தெரிந்தது.

மூன்று எழுத்து

ஆங்கிலப் போஸ்டர்களுக்கு ஒரு வசதி, ரோம், பாரிஸ் என்று ஊர்ப் பெயர் குட்டையாக இருக்கும். எழுத்தும் ஒரே உயரத்தில் நிற்கும். ‘கன்னியாகுமரி’ ஏழு எழுத்து. தாளின் அகலத்துக்குள் அடக்கினால் எழுத்து சிறுத்துவிடுகிறது, பெரிதாக்கினால் கடலை மூடுகிறது. கணினியில் இருந்த எழுத்துருக்கள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். எல்லாமே படத்துக்கு மேல் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி நின்றன.

நாம் பேச்சில் சொல்வது குமரி மாவட்டம், குமரிக் கடல். அப்புறம் எதற்கு முழுப் பெயர்? ‘குமரி’ என்று மூன்றெழுத்தாக்கினேன். எழுதிப் பார்த்தால் அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு அலை இருந்தது. ‘கு’ கீழே இறங்குகிறது, ‘ம’ சமதளமாக நிற்கிறது, ‘ரி’ மேலே கொக்கியாக எழும்புகிறது. பட்டை பிரஷ்ஷால் கையால் எழுதி, ஸ்கேன் செய்து, ஓரங்களைச் சாய்சதுரத்தின் கோணத்துக்கே வெட்டினேன். ‘ம’வின் உள்ளே இருக்கும் வெற்றிடமும் ஒரு மாலைக் கட்டம் மாதிரி ஆனது. இதற்கு மட்டும் ஒன்பது நாள்.

தாள் பெருத்த கதை

சிவகாசியில் ஆஃப்செட் அடிக்கலாம் என்று ஒரு யோசனை இருந்தது. ஆனால் வேண்டியது நூறு பிரதி. அந்த எண்ணிக்கைக்கு ஆஃப்செட் கட்டுப்படியாகாது. தவிர, தனி மை கனமாகப் படிந்து நிற்கும் அழகு ஸ்கிரீன் பிரிண்டிங்கில்தான் வரும். கோட்டாறு பக்கம் ஒரு சந்தில் துணிப்பையும் கல்யாணக் கவரும் அடிக்கும் அண்ணன் ஒருவர் ஒத்துக்கொண்டார். இருபதுக்கு முப்பது அங்குலத் தாள், மூன்று ஸ்கிரீன்: சிவப்பு, பச்சை, அடர் நீலம். வெள்ளை தாளுடையது.

சனிக்கிழமை சிவப்பு அடித்தோம், அருமையாக வந்தது. ஞாயிறு முழுக்க மழை. திங்கள் பச்சை, செவ்வாய் நீலம். நீலம் அடித்த முதல் தாளைத் தூக்கிப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. சாய்சதுரங்களின் ஓரத்தில் எல்லாம் ஒன்றரை மில்லிமீட்டர் வெள்ளைக் கீற்று. வேறு படமாக இருந்தால் ஒரு இடத்தில் விலகல் தெரியும், சமாளித்துவிடலாம். இது நூற்றுக்கணக்கான கட்டம், பிழையும் நூற்றுக்கணக்கான முறை தெரிகிறது. நிறங்களைப் பொருத்திப் பார்க்கப் போடும் ரெஜிஸ்டர் மார்க் இடது மூலையில் பொருந்தினால் வலது மூலையில் விலகியது.

அண்ணன் பதறவில்லை. “மழைக்காலத்துல தாளு பெருக்கும் தம்பி. வீட்டுக் கதவு பெருக்குத மாதிரிதான்.”

காகிதம் ஈரக் காற்றை உறிஞ்சி விரியும், இழை ஓடும் திசையை விடக் குறுக்குத் திசையில் அதிகமாக. நாங்கள் சிவப்பு அடித்தது காய்ந்த தாளில், நீலம் அடித்தது பெருத்த தாளில். அறுபது தாள் போயிற்று. தவறு முழுக்க என்னுடையது. கட்டத்துக்குக் கட்டம் ஓரத்தோடு ஓரம் சரியாக முட்டும்படி, ஸ்கிரீன் எடுப்பதற்கான படத்தாளை, அதாவது பாசிட்டிவைத் தயாரித்திருந்தேன். கணினித் திரையில் தாள் பெருப்பதில்லை.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி வீட்டுக்குப் போய் மகாராஜாவை மறுபடி பூதக்கண்ணாடியில் பார்த்தேன். மேலங்கியின் சிவப்பு, அதைச் சுற்றியிருக்கும் கறுப்புக் கோட்டோடு முட்டி நிற்கவில்லை. கோட்டுக்கு அடியில் ஒரு மயிரிழை நுழைந்திருந்தது. மீசையின் ஓரத்தில் முகத்தின் நிறமும் அப்படியே மீசைக்குள் புகுந்திருந்தது. பம்பாயிலும் மழை பெய்யும், அங்கேயும் தாள் பெருத்திருக்கும். அந்தத் தடித்த கறுப்புக் கோடு அழகுக்கு மட்டும் வைத்ததில்லை, விலகலை மறைக்கவும்தான். இத்தனை நாளும் அதை நான் ‘ஸ்டைல்’ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாசிட்டிவை மறுபடி செய்தேன். சிவப்பையும் பச்சையையும் எல்லாப் பக்கமும் ஒரு மில்லிமீட்டர் பெருக்கி, நீலம் அவற்றின் ஓரத்தில் ஏறும்படி வைத்தேன். பச்சையும் சிவப்பும் சந்திக்கும் இடங்களில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி அடர்ந்த அரக்கு நிறம் வந்தது. எதிர்பாராத நான்காவது நிறம், செலவில்லாமல். வாடிய அரளி இதழின் ஓரம் அந்த நிறத்தில்தான் இருக்கும். புதுத் தாளை மூன்று நாள் அச்சறையிலேயே பிரித்து வைத்தோம், அந்த அறையின் ஈரத்துக்குப் பழகட்டும் என்று. ஆகஸ்டில் மழை விட்ட இரண்டு நாளில் மூன்று நிறத்தையும் அடித்து முடித்தோம். நூற்றுப் பத்து தாளில் தொண்ணூற்றாறு தேறின.

இப்போது

எட்டுப் பிரதிகள் அறைகளில் தொங்குகின்றன. கண்ணாடியில் தாள் ஒட்டாமல் இருக்க இடையில் மெல்லிய மரச்சட்டம் வைத்து ஃபிரேம் போட்டோம், பின்பக்கம் சுவரைத் தொடாதபடி சிறு கட்டை. உப்புக்காற்று அடிக்கிற ஊரில் சுவர் எப்போதும் ஈரம்தான். மேற்குப் பார்த்த இரண்டு அறைகளில் சாயங்கால வெயில் நேராக விழும் சுவரைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறேன், சிவப்பு மைதான் முதலில் வெளுக்கும்.

மாலை கட்டும் அக்காவுக்கு ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தேன். கை வேலையை நிறுத்தாமல் பார்த்தார். மேலிருந்து நான்காவது வரிசையில் சிவப்பு இரண்டு அடுத்தடுத்து வருவதைக் காட்டி, “இங்க ஒரு பூ தப்பிப்போச்சு” என்றார். எண்ணிப் பார்த்தேன். தப்பித்தான் போயிருந்தது. அடுத்த பதிப்புக்கு அந்தக் கட்டத்தைப் பச்சையாக மாற்றி வைத்திருக்கிறேன்.

மகாராஜா விடுதியின் உள் நடையில், வெயில் படாத சுவரில் இருக்கிறார். தின்னப்பட்ட மூலை தெரியும்படியே ஃபிரேம் போட்டிருக்கிறோம்.